தீக்கல் துவக்கும் மான்தோலும்: 18ஆம் நூற்றாண்டு வட அமெரிக்க வேட்டைப் பொருளாதாரம் பற்றிய ஒரு நோக்கு

கருவிகளை வரலாற்று மூலங்களாகக் கொள்ளும்போது அவற்றின் வேலைப்பாட்டை மட்டும் நோக்குதல் போதாது. ஒரு கருவியை ஒருவன் ஏன் தெரிந்தெடுத்தான், அதனை இயக்குதற்கு வேண்டிய பொருள்களை யாரிடமிருந்து பெற்றான், அவற்றுக்கு ஈடாக எதனைக் கொடுத்தான் என்னும் வினாக்களும் எழுப்பப்படல் வேண்டும். 18ஆம் நூற்றாண்டில் வட அமெரிக்காவின் கிழக்குக் காடுகளில் மான் வேட்டைக்குப் பயன்பட்ட தீக்கல் துவக்கு இத்தகைய ஆய்வுக்குப் பொருத்தமானதோர் உதாரணமாகும்.

அக்காலத்தில் முதன்முதலாக ஒரு துவக்கைப் பெற முனைந்த வேடன், பென்சில்வேனியாவின் ஜேர்மன் குடியானவனாயினும் தென் அப்பலேச்சிய மலைகளின் செரோக்கி இளைஞனாயினும், மூன்று விடயங்களில் ஒரு முடிவுக்கு வரவேண்டியிருந்தது. குழலின் உட்புறம் புரி வெட்டப்பட்டதா, வெட்டப்படாததா என்பது ஒன்று. குழல்வாய் எவ்வளவு அகலமாயிருத்தல் வேண்டும் என்பது மற்றொன்று. ஒரு வெடிக்கு எவ்வளவு மருந்தும் ஈயமும் இடுவது என்பது மூன்றாவது. மேலோட்டமாக நோக்கின் இவை வேடனின் கைத்திறனோடு மட்டும் தொடர்புடைய வினாக்கள். ஆயின் இவற்றுக்கு அளிக்கப்பட்ட விடைகளை ஊன்றி நோக்கும்போது, மருந்தையும் ஈயத்தையும் தானே ஆக்கவியலாத ஒரு சமுதாயம் அவற்றை விற்கும் சமுதாயத்திற்கு எவ்வாறு கடன்பட்டது என்பதும், அக்கடன் ஈற்றில் எவ்வாறு நிலத்தினால் தீர்க்கப்பட்டது என்பதும் தெளிவாகின்றன.

தீக்கல் விசையின் அமைப்பு

ஐரோப்பாவில் முதலில் வழங்கிய திரித்துவக்கு, எப்போதும் எரிந்துகொண்டிருக்கும் ஒரு திரியினால் மருந்துக்குத் தீ மூட்டியது. போர்க்களத்தில் அது ஒருவாறு பயன்பட்டது. காட்டில் மானைத் தொடரும் வேடனுக்கோ எரியும் திரியின் ஒளியும் மணமும் பெருந்தடைகளாயின. மழையில் திரி அணைந்தும் போயிற்று. இக்குறையை நீக்கிய தீக்கல் விசை 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சில் உருப்பெற்றது. லீசியோ நகரத்தைச் சேர்ந்த மாறன் லெ பூர்யுவா என்னும் கைவினைஞரே இதனை 1610ஆம் ஆண்டளவில் அமைத்தவர் எனப் பொதுவாகக் கூறப்படும்.

இதன் செயற்பாடு எளிமையானது. குதிரை எனப்படும் சுத்தியலின் வாயில் தோலினாற் சுற்றப்பட்ட தீக்கல் ஒன்று இறுக்கப்பட்டிருக்கும். விசையை இழுத்ததும் குதிரை பாய்ந்து எதிரேயுள்ள உருக்குத் தகட்டை உராயும். உருக்கிலிருந்து சீவப்படும் நுண்துகள்கள் தீப்பொறிகளாகிக் கீழேயுள்ள சிறு கிண்ணியில் இடப்பட்ட நுண்மருந்திற் படும். அம்மருந்து பற்றி எரிய, பற்றுவாய் என்னும் சிறு துளை வழியே தீ உட்சென்று குழலினுள் இருக்கும் பெருமருந்தைப் பற்றவைக்கும். வன்னிப் பகுதியில் இடியன் துவக்கு என வழங்கும் துவக்கைப் போன்று, இதற்கும் குழலின் வாய் வழியாகவே மருந்தும் குண்டும் இட்டுத் திணிகோலால் இடித்து இறுக்குதல் வேண்டும்.

விசையை இழுத்தலுக்கும் குண்டு புறப்படுதலுக்கும் இடையே உணரத்தக்க சிறு தாமதம் உண்டு. அந்நேரத்தில் முகத்தின் அருகே கிண்ணி மருந்து பளிச்சிடும். பழக்கமற்றவன் அவ்வொளியிற் கண்ணை மூடித் துவக்கை அசைத்துவிடுவான், குண்டு தவறும். எனவே தீக்கல் துவக்குடன் மான் வேட்டைக்குச் செல்பவன் முதலிற் பயில வேண்டியது, வெடித்து முடியும் வரை குறியைக் கைவிடாதிருக்கும் அமைதியையே. ஈரத்திலிருந்து விசையைக் காத்தற்கு மெழுகு பூசிய தோலுறையும், பற்றுவாயை அடைத்து வைத்தற்கு ஓர் இறகும், மழுங்கிய கல்லை மாற்றுதற்கு வேறு சில கற்களும் வேடனின் பையில் இருத்தல் வழக்கம். இவற்றுள் ஒன்று குறையினும் துவக்கு வெறுந்தடியாகிவிடும். இக்கருவியின் இத்தன்மை பின்னர் விளக்கப்படும் பொருளாதார உறவுகளுக்கு அடிப்படையானது என்பது மனங்கொள்ளத்தக்கது.

நெடுங்குழல் றைபிளின் தோற்றம்

குழலின் உட்புறத்தே திருகுபுரி போன்ற வெட்டுகளை அமைத்து, குண்டைச் சுழலச் செய்து, அதன் நேர்ப்போக்கை உறுதிப்படுத்தும் முறை ஜேர்மன் மொழி வழங்கும் நாடுகளில் தீக்கல் விசைக்கும் முற்பட்டே அறியப்பட்டிருந்தது. இவ்வாறு புரி வெட்டப்பட்ட துவக்கே றைபிள் ஆகும். மத்திய ஐரோப்பிய வேடர்கள் பயன்படுத்திய யேகர் றைபிள் குறுகிய குழலும் அகன்ற வாயும் கொண்டது. பிரபுக்களின் வேட்டைக் காடுகளில், மருந்தும் ஈயமும் தட்டின்றிக் கிடைக்கும் சூழலில், கனத்த குண்டு ஒரு குறையாகக் கருதப்படவில்லை.

18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிற் பென்சில்வேனியாவிற் குடியேறிய ஜேர்மன், சுவிஸ் கைவினைஞர்கள் இவ்வகைத் துவக்கையே தம்முடன் கொண்டுவந்தனர். லங்காஸ்ரர் நகரும் அதனைச் சூழ்ந்த ஊர்களும் துவக்குத் தொழிலின் நடுவிடங்களாயின. ஆயின் புதிய நாட்டின் தேவைகள் வேறு. எல்லைப்புறக் குடியானவன் மாதக்கணக்கிற் காட்டில் தங்க வேண்டியவன். தனக்கு வேண்டிய மருந்தையும் ஈயத்தையும் தோளிலோ குதிரை முதுகிலோ சுமக்க வேண்டியவன். அவை தீர்ந்தால் அண்மையிற் கடை எதுவும் இல்லாதவன். இத்தேவைக்கேற்ப யேகர் துவக்கு படிப்படியாக மாறியது. குழல் 42 அங்குலமும் அதற்கு மேலுமாக நீண்டது, வாய் ஒடுங்கியது, தண்டு மேப்பிள் மரத்தினால் மெலிதாகச் செய்யப்பட்டது, தண்டின் பக்கத்தே துணித்துண்டுகளையும் கொழுப்பையும் வைத்தற்கு மூடியுள்ள சிறு பெட்டி அமைக்கப்பட்டது. பிற்காலத்தில் இது கென்ரக்கி றைபிள் என்னும் பெயரால் அறியப்பட்டதாயினும் பிறப்பிடம் பென்சில்வேனியாவே.

அமெரிக்கச் சுதந்திரப் போரிற் பிரித்தானியத் தரப்பிற் பணியாற்றிய ஜோர்ஜ் ஹாங்கர் என்னும் அதிகாரி 1814இல் வெளியிட்ட நூலொன்றில் இத்துவக்குகளை வியந்து குறிப்பிட்டுள்ளார். அவர் கண்ட நூற்றுக்கணக்கான அமெரிக்க றைபிள்களுள் ஒன்றேனும் இறாத்தலுக்கு 36 குண்டுகள் என்னும் அளவிலும் பெரிய குண்டைக் கொண்டிருக்கவில்லை என்பது அவர் கூற்று. இது ஏறத்தாழ அரை அங்குல விட்டமுள்ள குண்டாகும். எதிர்த்தரப்பினர் ஒருவரின் சான்று என்பதால் இக்குறிப்பு சிறப்பிடம் பெறுகின்றது.

குண்டும் மருந்தும்: ஓர் எளிய கணக்கு

துவக்கின் வாயளவை அக்காலத்தோர் பெரும்பாலும் அங்குலத்திற் கூறவில்லை. ஓர் இறாத்தல் ஈயத்தில் எத்தனை குண்டுகள் வார்க்கலாம் என்றே கூறினர். இவ்வளவு முறையே வேடனின் கணக்கு எதுவென்பதைக் காட்டிவிடுகின்றது. உருண்டையான குண்டின் நிறை அதன் விட்டத்தின் மும்மடிக்கேற்ப ஏறும். 0.60 அங்குல விட்டமுள்ள குண்டுகள் ஓர் இறாத்தலுக்கு 21 அளவிலேயே கிடைக்கும். 0.50 அங்குலமாயின் 37, 0.45 அங்குலமாயின் 51. விட்டத்தை நாலில் ஒரு பங்கு குறைத்தால் அதே ஈயத்தில் இரு மடங்கிலும் கூடிய குண்டுகள் கிடைக்கின்றன. பிரித்தானியப் படைவீரனின் பெருவாய்த் துவக்கு ஓர் இறாத்தலில் 14 குண்டுகளையே வழங்கியது என்பதை இதனுடன் ஒப்பிட்டு நோக்கலாம்.

ஆயின் சிக்கனத்துக்கும் ஓர் எல்லை உண்டு. உருண்டைக் குண்டு காற்றின் தடையினால் விரைவில் வலுவிழக்கும். 100 யார் செல்வதற்குள் அதன் ஆற்றலிற் பாதிக்கும் மேல் குன்றிவிடும். சிறிய குண்டு தூரத்திலுள்ள மானைக் காயப்படுத்துமேயன்றி வீழ்த்தாது. காயம்பட்ட மான் காட்டினுள் மறைந்து வீணே இறக்கும். எனவே முயலுக்கும் அணிலுக்கும் 0.40 அங்குலத்திற் குறைந்த வாய் போதுமாயினும், மானுக்கு 0.45 முதல் 0.54 அங்குலம் வரையுள்ள வாயே தகுந்தது என்பது அனுபவத்தாற் பெறப்பட்ட முடிவு. சூடும் தூரத்தை 100 யாருக்குள் கட்டுப்படுத்துவதும், முன்னங்காலின் பின்னே நெஞ்சறையைக் குறிவைப்பதும் அம்முடிவுடன் இணைந்தவை.

மருந்தின் அளவைத் தீர்மானித்தற்கும் மரபுவழி முறைகள் இருந்தன. குண்டை உள்ளங்கையில் வைத்து, அது மறையும் வரை மருந்தைச் சொரிந்து, அவ்வளவை முதல் அளவாகக் கொள்வது ஒரு முறை. பனி படர்ந்த நிலத்தின் மேல் வெடித்துப் பார்த்து, எரியாத மருந்து பனியிற் கரும்புள்ளிகளாய்ச் சிதறியிருப்பின் அளவைக் குறைப்பது இன்னொரு முறை. இவ்வாறு கண்ட அளவுக்கேற்ப ஒரு மான் கொம்பைக் குடைந்து அளவைக் குப்பியாக்கிப் பையுடன் கட்டி வைப்பர். அரை அங்குல வாயுள்ள றைபிளுக்கு 70 கிறெயின் மருந்து இடப்பட்டதெனக் கொண்டால், 7000 கிறெயின் கொண்ட ஓர் இறாத்தல் மருந்து 100 வெடிகளுக்குப் போதும். குழலைவிடச் சற்றே சிறிய குண்டைக் கொழுப்புத் தோய்ந்த துணியிலோ மெல்லிய மான்தோலிலோ பொதிந்து திணிப்பதால், அது புரிகளை இறுகப் பற்றியது. மருந்தின் விசையும் பக்கங்களில் வீணாகவில்லை. இத்துணிப்பொதிவே சிறிய குண்டையும் குறைந்த மருந்தையும் கொண்டு மானை வீழ்த்துவதைச் சாத்தியமாக்கிற்று.

இக்கணக்குகள் யாவும் ஒரே உண்மையைச் சுட்டுகின்றன. ஒடுங்கிய வாயை விரும்பிய குடியானவன் மானை வீழ்த்தும் வலுவை மட்டுமன்றி, அடுத்த கடை வரை தன்னிடம் எஞ்சியிருக்கும் மருந்தையும் கருத்திற் கொண்டான். தெரிவு அவனுடையது; ஆயின் தெரிவின் எல்லையை வகுத்தது சந்தையே.

சுதேச வேடனின் தெரிவு

இதே காடுகளில் ஐரோப்பியருக்கு நெடுங்காலம் முன்னரே மானை வேட்டையாடி வந்த செரோக்கி, கிறீக், சொக்டோ, ஷோனி முதலிய குடியினரின் நிலை வேறு. வெண்வால் மான் அவர்களுக்கு உணவு, உடை, பாதணி, நூல், கருவி என அனைத்தையும் வழங்கிய விலங்கு. மான் தலையைப் போர்த்தி மந்தையை அணுகும் உபாயமும், வில்லும் அம்பும் அவர்களிடம் இருந்தன. துவக்கு வந்தபோது அதனை அவர்கள் வியப்பினால் மட்டும் ஏற்றுக்கொள்ளவில்லை. அதன் பயனையும் குறையையும் நன்கு சீர்தூக்கியே ஏற்றனர். சிறு பறவைகளுக்கும் அணில்களுக்கும் மருந்தை வீணாக்காது, நாணற் குழாயில் ஊதி எய்யும் கருவியைச் செரோக்கியர் தொடர்ந்து பயன்படுத்தியமை இதற்குச் சான்றாகும்.

நூற்றாண்டின் முற்பகுதியில் அவர்களுக்கு விற்கப்பட்டது பெரும்பாலும் புரியற்ற, இலேசான வணிகத் துவக்காகும். குண்டும் இடலாம், சன்னமும் இடலாம், மானுக்கும் வான்கோழிக்கும் வாத்துக்கும் ஒன்றே போதும், விரைந்து மருந்திடலாம், விலையும் குறைவு. தூரத்திற் குறி தவறும் என்பது அதன் குறை. ஓசையின்றி மானை அணுகும் திறமை கொண்ட வேடனுக்கு அக்குறை பெரிதன்று. நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து ஷோனி, டெலவேயர், செரோக்கி வேடர் பலர் றைபிளையும் விரும்பிப் பெற்றனர். அதன் நுட்பத்தை அவர்கள் எவ்வளவு தேர்ச்சியுடன் கையாண்டனர் என்பதற்குப் பிரித்தானிய அரசின் அச்சமே சான்று. சுதேச மக்களுடனான வணிகத்தை ஒழுங்குபடுத்துதற்கு 1764இல் வகுக்கப்பட்ட திட்டத்தில், றம் முதலிய மதுவகைகளோடு புரி வெட்டிய துவக்குகளையும் அவர்களுக்கு விற்கலாகாது எனக் குறிக்கப்பட்டது. திட்டம் முழுமையாகச் சட்டமாகவில்லை. 1768இல் வணிகக் கட்டுப்பாடு மீண்டும் தனித்தனிக் குடியேற்றங்களின் கையிற் சென்றது.

ஆனால் துவக்கைத் தெரிந்தெடுக்கும் அறிவு ஒன்று, அதனை இயங்கச் செய்யும் வளம் இன்னொன்று. லங்காஸ்ரர்க் குடியானவனின் துவக்கு பழுதுற்றால் அவனுடைய ஊரிலேயே அதனைச் செப்பனிடும் கொல்லன் இருந்தான். செரோக்கி வேடனின் துவக்கில் ஒரு வில் உடைந்தால் அவன் வணிகனையோ குடியேற்ற அதிகாரியையோ நாட வேண்டியிருந்தது. 1796இல் கிறீக் மக்களுக்கும் ஐக்கிய அமெரிக்க நாடுகளுக்குமிடையே கொலரேன் என்னுமிடத்திற் செய்யப்பட்ட உடன்படிக்கையில், இரு கொல்லர்களை அவர்தம் உதவியாளருடன் கிறீக் நாட்டுக்கு அனுப்புவதும் ஒரு நிபந்தனையாயிருந்தது. ஒரு நாட்டுடன் இன்னொரு நாடு செய்துகொண்ட உடன்படிக்கையிற் கொல்லன் இடம்பெறுவது, இரும்புக் கருவிகளில் அம்மக்கள் எத்துணை தங்கியிருந்தனர் என்பதைத் தெளிவுபடுத்தும்.

மருந்தின் நிலை இன்னும் கடினமானது. தீக்கல்லை உள்ளூர்க் கல்லிற் செதுக்கலாம். ஈயத்தைச் சில இடங்களிற் பெறலாம். மருந்தை ஆக்க இயலாது. வெடியுப்பு, கந்தகம், கரி ஆகியவற்றின் கலவையாகிய கருமருந்தில் நாலில் மூன்று பங்கு வெடியுப்பேயாகும். 18ஆம் நூற்றாண்டிற் பிரித்தானிய மருந்துக்கு வேண்டிய வெடியுப்பின் பெரும்பகுதி கிழக்கிந்தியக் கம்பனியினாற் பீகார்ப் பகுதியிலிருந்து கொண்டுசெல்லப்பட்டது. பீகாரின் வெடியுப்புத் தொழிலாளியும் அப்பலேச்சிய மலை வேடனும் ஒருவரையொருவர் அறியார்; ஆயினும் ஒரே வணிக வலை இருவரையும் பிணைத்திருந்தது. வெள்ளைக் குடியேற்றங்கள்கூட நூற்றாண்டின் பெரும்பகுதி வரை இறக்குமதி மருந்தையே பெரிதும் நம்பியிருந்தன. டூபொன் குடும்பத்தினர் டெலவேயரிற் பெரிய மருந்தாலையை நிறுவியது 1802இலேயே.

தோலும் கடனும்

இங்கிலாந்தில் மான்தோல் காற்சட்டைகள், கையுறைகள், நூற்கட்டு முதலியவற்றுக்கு வேண்டப்பட்டது. ஐரோப்பாவில் மாடுகளிடையே கொள்ளைநோய் பரவிய காலங்களில் தோலின் தேவை மேலும் உயர்ந்தது. தென் கரோலைனாவின் சார்ள்ஸ் ரவுண் துறைமுகத்திலிருந்து 1699 முதல் 1715 வரை ஆண்டொன்றுக்குச் சராசரியாக ஏறத்தாழ 54,000 மான்தோல்கள் ஏற்றுமதியாயின. 1707இல் இத்தொகை 120,000ஐயும் தாண்டியது. மான்தோல் பணமாகவும் வழங்கிற்று. ஒஹையோப் பகுதியிற் பென்சில்வேனியாவின் தூதுவராய்ச் சென்ற கொன்ராட் வைசர் 1748இல் எழுதிய குறிப்பில், ஒரு பீப்பாய் விஸ்கியின் விலை ஆண்மான் தோற் கணக்கிலேயே கூறப்படுகின்றது. அமெரிக்க டொலரைப் பேச்சு வழக்கில் ஆண்மானைக் குறிக்கும் ‘பக்’ என்னும் சொல்லால் வழங்குதல் இதனடியாக வந்ததெனப் பலர் கருதுவர்.

வணிகமுறை கடனை அடிப்படையாகக் கொண்டது. இலையுதிர் காலத்தில் வேடன் மருந்து, ஈயம், துணி, கத்தி முதலியவற்றைக் கடனாகப் பெற்றுக் காடு செல்வான். குளிர்காலம் முழுவதும் வேட்டையாடி வசந்தகாலத்தில் தோலைக் கொண்டுவந்து கடனைத் தீர்ப்பான். மான் குறைந்தாலோ, தோல் விலை வீழ்ந்தாலோ, வழியில் மது குறுக்கிட்டாலோ கடன் எஞ்சும். எஞ்சிய கடன் அடுத்த ஆண்டு மேலும் பல மான்களைக் கொல்லத் தூண்டும். தோலை மான் மூளையினாற் பதமிட்டு, சுரண்டி, புகையூட்டி மென்மையாக்கும் கடுமையான உழைப்புப் பெண்களுடையது. முன்னர் அவ்வுழைப்பே ஒரு பருவத்திற் கொல்லத்தக்க மான்களின் தொகைக்கு இயல்பான ஓர் எல்லையாயிருந்தது. 1763க்குப் பின்னர் பெருகிய வணிகர் பதமிடாத பச்சைத் தோலையும் ஏற்றுக்கொள்ளத் தொடங்கவே அந்த எல்லையும் தகர்ந்தது.

இக்கடனின் விளைவு முன்னரே ஒருமுறை வெளிப்பட்டிருந்தது. 1711 அளவிற் சுதேசக் குடியினர் கரோலைனா வணிகருக்குச் செலுத்த வேண்டிய கடன் 100,000 தோல்கள் வரை எனக் கணக்கிடப்பட்டது. வணிகரின் கொடுமைகளும், கடனுக்காக மக்களை அடிமைகளாகப் பிடித்தமையும், நில ஆக்கிரமிப்பும் ஒன்றுசேர்ந்து 1715இல் யமாசிப் போராக மூண்டன. கரோலைனாக் குடியேற்றமே அழிவின் விளிம்புக்குச் சென்று மீண்டது.

கடனும் நிலமும்

போரினாற் பெறவியலாதது கணக்கேட்டினாற் பெறப்பட்டது. 1773இல் ஓகஸ்ரா என்னுமிடத்தில் நடைபெற்ற மாநாட்டிற் செரோக்கி, கிறீக் குடியினர் வணிகருக்கிருந்த தம் கடன்களுக்கு ஈடாக ஏறத்தாழ 20 இலட்சம் ஏக்கர் நிலத்தை ஜோர்ஜியாவுக்குக் கையளித்தனர். இயற்கையியலாளர் வில்லியம் பார்ட்ரம் அம்மாநாட்டுக்குச் சமுகமளித்திருந்தார். கையளிக்கப்பட்ட நிலம் கிறீக் வேடரின் சிறந்த மான் காடுகளையும் உள்ளடக்கியிருந்ததால் இளைஞர் பலர் அதனை ஏற்க மறுத்தனர். எல்லையில் இரத்தம் சிந்தியது.

சுதந்திரம் பெற்ற புதிய அரசும் இவ்வழியையே பின்பற்றியது. 1803 பெப்ரவரியில் சனாதிபதி தோமஸ் ஜெபர்சன் இந்தியானா ஆளுநர் வில்லியம் ஹென்றி ஹரிசனுக்கு எழுதிய கடிதத்திற் சுதேசத் தலைவர்கள் அரச வணிக நிலையங்களிற் கடன்படுவதைத் தாம் விரும்புவதாகவும், கொடுக்கவியலாத கடன் ஏறும்போது அவர்கள் நிலத்தை விட்டுக்கொடுக்க இணங்குவர் என்றும் வெளிப்படையாகவே குறிப்பிட்டார். 1805இன் மவுண்ட் டெக்ஸ்ரர் உடன்படிக்கையிற் சொக்டோ மக்கள் ஏறத்தாழ 40 இலட்சம் ஏக்கர் நிலத்தைக் கொடுத்தனர். அதற்கென ஒதுக்கப்பட்ட 50,500 டொலரில் 48,000 டொலர் அவர்கள் கைக்கு வராமலே பன்ரன், லெஸ்லி என்னும் வணிக நிறுவனத்திடமிருந்த கடனுக்குச் சென்றது.

வெள்ளை வேடர்களும் கடனுக்கு அப்பாற்பட்டவர்களல்லர். டானியல் பூன் வாழ்நாள் முழுவதும் கடனால் அலைக்கப்பட்டவர். 1769இல் அவரும் தோழர்களும் கென்ரக்கிக் காடுகளில் மாதக்கணக்கிற் சேகரித்த தோல்களை, தமது வேட்டை நிலத்தில் அவர்களைப் பிடித்த ஷோனியர் கைப்பற்றிக்கொண்டு அவர்களை எச்சரித்து அனுப்பினர். ஷோனியர் நோக்கில் அது களவுப் பொருளின் மீட்பு. இரு சாராரும் ஒரேவகைத் துவக்கினால் ஒரேவகை மானைக் கொன்று, ஒரே சந்தையிலேயே தோலை விற்றனர். ஆயின் மான் அருகியபோது வெள்ளைக் குடியானவனுக்குப் பயிரிட நிலம் இருந்தது. அந்த நிலம் கடன்பட்ட சுதேச வேடனிடமிருந்து பெறப்பட்டதாகவும் இருந்தது. ஒருவனுக்குத் துவக்கு நிலத்தைத் தேடித் தந்தது. மற்றவனிடமிருந்து அதனைக் கவர்ந்து சென்றது.

மானின் அழிவும் மீட்சியும்

மான் குறைவதை அக்காலத்தவர் அறியாமலில்லை. 1694இலேயே மசச்சூசெற்ஸ் குடியேற்றம் மான் வேட்டை விலக்கப்பட்ட பருவமொன்றைச் சட்டத்தால் வகுத்தது. எனினும் சந்தையின் தேவை சட்டத்திலும் வலியதாயிருந்தது. 19ஆம் நூற்றாண்டின் முடிவிற் கிழக்கு மாநிலங்கள் பலவற்றில் வெண்வால் மான் அரிய விலங்காயிற்று. பென்சில்வேனியாவில் வேட்டை ஆணைக்குழு 1895இல் அமைக்கப்பட்டது. 1906 முதல் வேறு மாநிலங்களிலிருந்து மான்கள் கொண்டுவந்து விடப்பட்டன. 1907இற் பெண்மான்களைக் கொல்லுதல் தடைசெய்யப்பட்டது. இந்நடவடிக்கைகளாலும், தோலுக்கும் இறைச்சிக்குமான வணிக வேட்டை ஒழிக்கப்பட்டதாலும் மான்கள் மீண்டும் பெருகின.

1974இல் அம்மாநிலம் தீக்கல் துவக்குக்கென்றே தனியான மான் வேட்டைப் பருவமொன்றைத் தொடங்கியது. நத்தாருக்குப் பின்னர் வரும் அக்குளிர்காலப் பருவம் இன்றும் தீக்கல் துவக்குக்கே உரியது. அதன் வாய் 0.44 அங்குலத்திற் குறைதல் ஆகாது. முதன்முதலாகத் தீக்கல் துவக்கொன்றைத் தெரிந்தெடுக்கும் இன்றைய வேடனும் 0.50 அங்குலமா 0.54 அங்குலமா, 70 கிறெயினா 90 கிறெயினா என்று பழைய வினாக்களையே எழுப்புகின்றான். தூரத்தைக் குறைத்து அணுகுதல், ஒரே வெடியில் மானை வீழ்த்துதல், மருந்தை உலர வைத்தல் ஆகிய பாடங்களும் மாறவில்லை. மாறியது ஒன்றே. அவன் தவறவிடும் வெடியினால் அவனுக்கு நட்டமாவது ஒரு நாட் பொழுது மட்டுமே. அதனால் அவன் குடும்பம் கடன்படுவதில்லை, அவன் இனம் நிலமிழப்பதில்லை.

முடிவுரை

தீக்கல் துவக்கின் வரலாறு பெரும்பாலும் கைவினைச் சிறப்பின் வரலாறாகவோ, எல்லைப்புற வீரத்தின் வரலாறாகவோ எழுதப்பட்டு வந்துள்ளது. அக்கைவினை போற்றத்தக்கதே. ஆயின் அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டிருக்கும் மேப்பிள் தண்டுத் துவக்கின் அருகே வணிகனின் கணக்கேடும் வைக்கப்படும்போதே அதன் வரலாறு முழுமையடையும். செரோக்கி வேடனும் கிறீக் வேடனும் அறியாமையினால் வீழ்ந்தவரல்லர். தமக்குத் தகுந்த துவக்கை அவர்கள் அறிந்தே தெரிந்தனர். மருந்தின் அளவை நுட்பமாகக் கணித்தனர். குறி தவறாது சுட்டனர். அவர்கள் வசமில்லாதிருந்தவை துவக்கைச் செப்பனிடும் உலையும், மருந்தை ஆக்கும் ஆலையும், தோலின் விலையைத் தீர்மானிக்கும் உரிமையுமே.

ஒரு சமுதாயம் அந்நியக் கருவியொன்றை ஏற்பது தவறன்று. வரலாற்றில் எல்லாச் சமுதாயங்களும் அவ்வாறே வளர்ந்துள்ளன. கருவியுடன் அதனை ஆக்கும் ஆற்றலும் வந்து சேராதபோது, ஒவ்வொரு வெடியும் ஒரு சிறு கடனாகின்றது. அச்சிறு கடன்களின் கூட்டுத்தொகை என்னவென்பதற்கு 1773இன் ஓகஸ்ராவும் 1805இன் மவுண்ட் டெக்ஸ்ரரும் விடை பகர்கின்றன.